டைனமோ லைற் செட்: ஆறு கிழமை ஓடிப் பார்த்தபின்

ஏன் வாங்கினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மகளுக்குப் பதினாலு வயது. யாழ்ப்பாணத்தில் கோண்டாவிலில் இருந்து பக்கத்துத் திருநெல்வேலிக்குச் சைக்கிளில் ரியூசனுக்குப் போய் வருகிறாள். வகுப்பு முடிந்து வீடு வர ஏழு மணி தாண்டிவிடும். யூஎஸ்பியில் சார்ஜ் பண்ணுகிற லைற் ஒன்று ஏற்கெனவே வாங்கிக் கொடுத்திருந்தேன். வெளிச்சத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் போனைச் சார்ஜில் போட ஒருநாளும் மறக்காத பிள்ளை, லைற்றைப் போட மட்டும் மறந்துவிடும். கிழமையில் மூன்று நாளாவது இருட்டோடு இருட்டாகத்தான் வந்து இறங்குவாள். கேட்டால், "றோட்டிலை லைற் இருக்குத்தானே அம்மா" என்ற பதில். எங்கள் ஒழுங்கையில் இருப்பது ஒரேயொரு தெருவிளக்கு. அது மழைக்கு அணையும், காற்றுக்கு அணையும், சும்மாவும் அணையும்.

இந்த வாக்குவாதம் ஒருநாள் விறாந்தையில் நடந்துகொண்டிருந்தபோது, சாய்மனைக் கதிரையில் கிடந்த அப்பா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "உதுக்கு ஒரு டைனமோவைப் பூட்டிவிடு. மறக்கிற ஆளுக்கு அதுதான் சரி."

அப்பாவுக்கு எண்பத்தொரு வயது. டைனமோ விஷயத்தில் அவர் சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு இல்லை. காரணம் பின்னால் வரும்.

டவுனில் மூன்று சைக்கிள் கடை ஏறி இறங்கினேன். ஒருவர், "இப்ப ஆர் அக்கா உதைக் கேக்கினம்" என்று சிரித்தார். இன்னொருவர் உள்ளே போய்ப் பத்து நிமிடம் தேடிவிட்டு, தூசி படிந்த பல்ப் ஒன்றை மட்டும் கொண்டுவந்து வைத்தார். கடைசியில் இணையத்தில்தான் ஓடர் பண்ணினேன். செட் 3,200 ரூபாய், கொண்டுவந்து தருவதற்கு 450. ஐந்தாம் நாள் வீட்டு வாசலுக்கு வந்தது. பெயரை இங்கே எழுதவில்லை. இதே பொருள் நாலைந்து பெயரில் விற்பனையாகிறது என்பது தேடும்போதே தெரிந்துவிட்டது.

பெட்டிக்குள் டைனமோ, எல்ஈடி போட்ட முன் லைற், சின்னதாக ஒரு சிவப்புப் பின் லைற், இரும்புப் பிடிகள், வயர் இரண்டு, ஒரு பிடி ஆணி, படங்கள் மட்டும் உள்ள ஒரு தாள். டைனமோவின் உடம்பில் 6 வோல்ட், 3 வாற் என்று பொறித்திருக்கிறது. என் சின்ன வயதில் பார்த்ததும் இதே 6 வோல்ட், 3 வாற்தான். இத்தனை வருடத்தில் அது மட்டும் மாறவில்லை.

பழக்கமில்லாதவர்களுக்கு: டைனமோ என்பது கைக்கடக்கமான ஒரு போத்தல் மாதிரி இருக்கும். போத்தல் கழுத்தில் பற்கள் உள்ள ஒரு சின்ன உருளை. விசையைத் தட்டிவிட்டால் போத்தல் சாய்ந்து, உருளை ரயரின் பக்கவாட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். சில்லு சுற்ற உருளை சுற்றும், உள்ளே காந்தம் சுற்றும், கம்பிச் சுருளில் மின்சாரம் வரும். பற்றரி இல்லை, சார்ஜ் இல்லை, ஞாபகம் வைத்திருக்க ஒன்றும் இல்லை. மிதித்தால் எரியும், நின்றால் அணையும்.

பூட்டுவதற்கு அரை மணித்தியாலம் போதும் என்று அந்தத் தாள் சொல்கிறது. எனக்கு ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. பின்சில்லுத் தண்டில் பிடியை இறுக்கி, வயரை இழுத்து, முன்னாலும் பின்னாலும் லைற்றைப் பூட்டி, மகளை ஏற்றி முற்றத்தைச் சுற்றி ஓடவிட்டேன். உருளை சுற்றுகிறது, சத்தம் வருகிறது, வெளிச்சம் மட்டும் இல்லை. வயரைக் கழற்றி மாற்றிப் பூட்டினேன். இல்லை. பொருளே பழுது என்று முடிவுகட்டி, திருப்பி அனுப்புவது எப்படி என்று போனில் தேடிக்கொண்டிருந்தபோது அப்பா தடியை ஊன்றிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார்.

"பெயின்ற்றைச் சுரண்டினியோ?"

நான் விழித்தேன்.

"ஒரு வயர்தானே போகுது. திரும்பி வாற பாதை எங்கை? சைக்கிள்தான் மற்ற வயர்."

சைக்கிளின் இரும்புச் சட்டம்தான் இரண்டாவது வயர். பிடி அந்த இரும்பைத் தொட வேண்டும். பெயின்ற் இடையில் நின்றால் தொடாது. அதற்காகவே பிடியில் கூரான ஓர் ஆணி இருக்கிறது. அதை இறுக்க இறுக்க அது பெயின்ற்றைக் குத்திக்கொண்டு உள்ளே இறங்க வேண்டும். நான் அதை ஏதோ மிச்ச ஆணி என்று நினைத்து மேலோட்டமாகத் திருகி விட்டிருந்தேன். அந்தத் தாளில் இதைப் பற்றி ஒரு படம்கூட இல்லை. அப்பா குசினியில் இருந்து பழைய கத்தியை எடுத்துவரச் சொல்லி, பிடி இருந்த இடத்திலும் முன் லைற் பூட்டிய இடத்திலும் ஒரு ஐந்து சதக் குத்தியளவு பெயின்ற்றைச் சுரண்டினார். கை நடுங்கியது, ஆனால் சுரண்டிய இடம் வட்டமாகத்தான் வந்தது. பிறகு ஒரு நூலை எடுத்து, டைனமோவின் நடுவில் இருந்து சில்லின் அச்சுவரை இழுத்துப் பிடித்தார். டைனமோ அச்சை நேராகப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டுமாம், இல்லாவிட்டால் ரயரைத் தின்றுவிடுமாம். நான் பூட்டியது கொஞ்சம் கோணல். அதையும் சரி பண்ணினோம்.

மகள் மறுபடி மிதித்தாள். கிணற்றடியில் இருந்து வேலிவரை வெள்ளையாக ஒரு வெளிச்சம் ஓடியது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கத்தியைத் துடைத்து என்னிடம் தந்துவிட்டுக் கதிரைக்குப் போய்விட்டார். வாங்குகிறவர்கள் தயவுசெய்து இந்தச் சுரண்டலை மறந்துவிடாதீர்கள். இணையத்தில் "வேலை செய்யவில்லை" என்று ஒரு நட்சத்திரம் போட்டிருப்பவர்களில் பாதிப்பேர் பெயின்ற்றைச் சுரண்டாத ஆட்களாகத்தான் இருப்பார்கள் என்பது என் ஊகம்.

அப்பாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்ற கதைக்கு வருகிறேன்.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. அதோடு பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல் இல்லை, சவர்க்காரம் தட்டுப்பாடு, சீமெந்து இல்லை. ரோச் லைற்றுக்கும் றேடியோவுக்கும் போடுகிற பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான். எனக்கு அப்போது பத்து வயது. வீட்டில் அண்ணா, நான், தங்கச்சி, அப்பா, அம்மா, அம்மம்மா. இரவு வெளிச்சத்துக்கு ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், கம்பியில் கட்டிய ஒரு நூல் திரி. போத்தலே சிமினி. அந்தச் சுடர் ஒரு பயற்றங்காய் விதையளவு இருக்கும். அதைச் சுற்றி மூன்று பேரும் கொப்பியை விரித்துவைத்துக்கொண்டு வீட்டுப்பாடம் செய்வோம். அண்ணாவின் தலை நிழல் என் கணக்கில் விழுகிறது என்று தினமும் ஒரு சண்டை.

அப்பாவிடம் ஒரு றலி சைக்கிள் இருந்தது, அதில் ஒரு மில்லர் டைனமோ. பேர்மிங்காமில் செய்தது என்பதை அந்த நாளில் வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் சொல்லுவார். அவர் வேலையால் வருவது ஒழுங்கை முனையிலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். ங்ங்ங் என்று இழுத்துக்கொண்டு வரும் அந்தச் சத்தம் கேட்டதும் கிட்டிப்புள்ளைப் போட்டுவிட்டுக் கொப்பிக்கு முன்னால் ஓடி வந்து இருந்துவிடுவோம்.

வீட்டில் நாலு பற்றரி போடுகிற றேடியோ ஒன்று. கசற்றும் போடலாம். இருந்த பற்றரிகளை வெயிலில் காயவைத்துக் காயவைத்து ஒரு மாதிரிக் கொஞ்சக்காலம் ஓட்டினோம். பிறகு அவை கசியத் தொடங்கிவிட்டன. அப்போதுதான் அப்பாவுக்கு அந்த யோசனை வந்தது. அவருக்கு மட்டும் வந்தது என்று சொல்லமாட்டேன். ஊரெல்லாம் அந்த யோசனையில்தான் இருந்தது. நாலு பற்றரி என்றால் 6 வோல்ட், டைனமோவும் 6 வோல்ட்.

ஆனால் டைனமோவில் வருவது முன்னும் பின்னும் ஓடுகிற மின்சாரம், றேடியோவுக்கு வேண்டியது ஒரே பக்கம் ஓடுவது. பழுதான இன்னொரு றேடியோவில் இருந்து நாலு டயோட்டைக் கழற்றி, ஒரு சின்னப் பலகையில் வைத்து ஒட்டினார். ஈயம் ஒட்டுகிற இரும்பைச் சூடாக்க மின்சாரம் ஏது? அம்மா புட்டு அவித்துக்கொண்டிருந்த அடுப்புக்குள் சிரட்டைக்கரி போட்டு அந்த இரும்பைச் செருகிவிட்டார். புட்டில் ஈய மணம் வருகிறது என்று அம்மம்மா அன்று சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டு இரவு ஒன்பதே கால் என்றால் இப்படித்தான். சைக்கிளை விறாந்தையில் இரட்டை ஸ்ராண்டில் தூக்கி நிறுத்துவோம். பின்சில்லு நிலத்தில் படாது. அப்பா றேடியோவோடு கதிரையில். நாங்கள் முறைக்கு ஒருவராக ஏறி மிதிக்க வேண்டும். பிபிசி தமிழோசை அரை மணி நேரம். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் காலையில் விழுந்த குண்டைப் பற்றி இரவு லண்டன் சொல்லித்தான் முழுதாக அறிவோம். பத்திரிகை கோடுபோட்ட கொப்பித்தாளில் வந்த காலம் அது. அதுவும் நாலு வீடு சுற்றித்தான் எங்கள் வீட்டுக்கு வரும்.

ஆளுக்கு எத்தனை நிமிடம் என்பதில் எங்களுக்குள் நம்பிக்கை கிடையாது. அதனால் அம்மம்மா எண்ணுவார். ஆளுக்கு இருநூறு மிதி, பிறகு அடுத்த ஆள். தங்கச்சி ஏறினால் மட்டும் அம்மம்மாவின் எண்ணிக்கை அறுபதில் இருந்து எண்பதுக்குத் தாவும். அண்ணா கத்துவான். அப்பா ஒரு விரலைத் தூக்குவார். ஒரு விரல் தூக்கினால் வாய் மூடு, கால் கெதியாக. கையை விரித்துக் கீழே அமர்த்தினால் வேகம் கூடிவிட்டது, குறை. கண்டபடி மிதித்தால் வோல்ட் கூடி றேடியோ கருகிவிடும். அதற்காகவே சைக்கிள் லைற்றையும் கழற்றாமல் கூடவே எரியவிட்டிருந்தார், மிச்சத்தை அது வாங்கிக்கொள்ளும் என்று. அந்த லைற் நேரே சுவரில் அடிக்கும். அந்த அரை மணி நேரம் ஜாம் போத்தலை ஊதி அணைத்துவிட்டு, அம்மா சுவரடியில் சுளகோடு வந்து இருந்து, நிவாரண அரிசியில் கல் பொறுக்குவார். செய்திக்கு ஆனந்தி சூரியப்பிரகாசத்தின் குரல், கல்லுக்கு எங்கள் கால். மண்ணெண்ணெய் அரை மணி நேரம் மிச்சம்.

பக்கத்து வீட்டு வாத்தியார் மாமாவும் கேட்க வருவார். சும்மா கேட்க மனமில்லாமல் அவரும் ஏறி இருநூறு மிதிப்பார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, போகாத ஊருக்கு அவர் மிதிப்பதைப் பார்த்து நாங்கள் சிரிப்பை அடக்க நெஞ்சு நோகும். மேலே ஹெலி சத்தம் கேட்டால் காலை நிறுத்தினால் போதும். வெளிச்சம், செய்தி, எல்லாம் ஒன்றாக அணைந்துவிடும். போனபின் மறுபடி மிதி.

கசற் போடுவது ஞாயிறு பின்னேரம் மட்டும். அது ஒரு தனிக் கூத்து. கால் களைத்து வேகம் குறைந்தால் பாடுகிறவரின் குரல் இழுபட்டு, பெண் குரல் ஆண் குரலாகி, பிறகு மாடு கத்துவதுபோல் போய் நிற்கும். எங்களுக்குப் பாட்டைவிட அதுதான் பிடிக்கும். வேண்டுமென்றே நடுப்பாட்டில் மெதுவாக்குவோம். தங்கச்சி ஒருநாள் அப்படிச் சிரித்துச் சிரித்துச் சைக்கிளோடு சரிந்து விழுந்தாள். காயம் ஒன்றுமில்லை. விளக்குக் கண்ணாடி வெடித்தது. அந்த வெடிப்போடுதான் அந்த லைற் கடைசிவரை எரிந்தது.

1992 மார்ச் 25ஐ இங்கே எழுதாவிட்டால் கனடாவில் இருக்கிற அண்ணா கோபிப்பான். மெல்பேர்னில் உலகக் கிண்ண இறுதி ஆட்டம், பாகிஸ்தானும் இங்கிலாந்தும். அண்ணா வசிம் அக்ரம் பைத்தியம். பள்ளிக்கூடத்தால் வந்து சாப்பிடவும் இல்லை, சைக்கிளில் ஏறிவிட்டான். மிதித்து மிதித்துக் கால் விட்டுப்போன நேரத்தில் என்னைக் கெஞ்சி ஏற்றினான். கூலி, இரண்டு பனங்கட்டிக் குட்டான். நான் மிதிக்கிறேன், ஆங்கில வர்ணனை ஓடுகிறது, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. திடீரென்று றேடியோ அலறியது. வசிம் அலன் லாம்பின் விக்கெற்றைத் தகர்த்துவிட்டார். அண்ணா துள்ளிய துள்ளலில் நானும் உற்சாகப்பட்டு ஓங்கி ஒரு மிதி மிதித்தேன். செயின் கழன்றது. றேடியோ செத்தது. அண்ணா கையெல்லாம் கிறீசாகச் செயினைக் கொழுவி முடிப்பதற்குள், அடுத்த பந்திலேயே கிறிஸ் லூயிசும் போயிருந்தார். திரும்ப றேடியோ உயிர்த்தபோது அவர்கள் எதைப் பற்றி அப்படிக் கத்துகிறார்கள் என்று அவனுக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. பாகிஸ்தான் 22 ஓட்டங்களால் வென்றது. எனக்குப் பனங்கட்டி கிடைக்கவில்லை. இந்த டைனமோ வாங்கிய கதையைப் போனில் சொன்னபோது அண்ணா கேட்ட முதல் கேள்வி: "அந்த ரெண்டாவது பந்தை எப்ப தருவாய்?"

டைனமோவின் குறையும் எனக்கு அந்தக் காலத்திலேயே தெரியும். 1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டை நெருங்கி வர, வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டுத் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது நாங்களும் அந்தக் கூட்டத்தில் போனோம். மழை. றலியின் கரியரில் அரிசி மூட்டை, அதன்மேல் கடகம், கடகத்துக்குள் பிளாஸ்ரிக் பையில் சுற்றிய றேடியோ. சனம் அடிமேல் அடி வைத்து நகர்ந்தது. சைக்கிளை உருட்டத்தான் முடியும், அதுவும் நாலடி போய் நிற்க வேண்டும். அந்த வேகத்துக்கு டைனமோ எரியாது. அப்பா ஒருக்கா விசையைத் தட்டிப் பார்த்தார், பல்பில் ஒரு சிவப்புக் கோடு வந்து போனது. திரும்பத் தட்டி மடித்துவிட்டார். நாவற்குழிப் பாலம் கடக்க விடிந்துவிட்டது.

மட்டுவிலில் ஒரு வீட்டில் ஆறு குடும்பம் இருந்தோம். நனைந்த றேடியோவை இரண்டு நாள் வெயிலில் வைத்தபின் அது பேசத் தொடங்கியது. அங்கே மிதிக்கப் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. ஆளுக்கு ஐம்பது மிதிதான் கிடைக்கும், அதற்கும் வரிசை. எண்ணுவது அங்கேயும் அம்மம்மாதான். தங்கச்சிக்குச் செய்த கள்ளக் கணக்கை ஆறு குடும்பத்துக் கடைக்குட்டிகளுக்கும் ஒரேமாதிரிச் செய்தார்.

சரி, விமர்சனத்துக்கு வருகிறேன்.

வெளிச்சம்: பழைய பல்புக்கும் இந்த எல்ஈடிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சாதாரணமாக மிதித்தாலே பத்துப் பன்னிரண்டு அடிக்கு முன்னால் கிடக்கும் கல்லும் குழியும் தெளிவாகத் தெரிகிறது. ஒழுங்கையில் படுத்திருக்கும் நாயும் தெரிகிறது. ஆனால் நின்றால் அணைந்துவிடும் பழைய பழக்கம் இதற்கும் உண்டு. சந்தியில் வாகனத்துக்காக நிற்கும்போதுதான் லைற் அதிகம் தேவை, அப்போதுதான் இது இருக்காது. நின்றபின்னும் சில நிமிடம் எரியும் வகை ஒன்று கூடிய விலைக்கு விற்கிறார்கள். பலாலி வீதி மாதிரிப் பெரிய றோட்டில் ஓடுகிற பிள்ளைக்கு அதைத்தான் வாங்கச் சொல்வேன். நான் பழைய யூஎஸ்பி லைற்றையும் கழற்றாமல் விட்டிருக்கிறேன். சார்ஜ் இருந்தால் எரியட்டும்.

பாரம்: விசையைத் தட்டினதும் மிதி இறுகும். கரியரில் ஒரு சின்னப் பிள்ளை ஏறி இருந்த மாதிரி. மகள் முதல் கிழமை முழுக்க முறைப்பாடு. இரண்டாம் கிழமை சத்தம் இல்லை.

சத்தம்: இருக்கிறது. மில்லர் அளவுக்கு இல்லை, ஆனால் இருக்கிறது. மகளுக்குச் சிநேகிதிகள் முன்னால் வெட்கமாம். நான் இதைக் குறையாக எடுக்கவில்லை. இரவு ஏழே காலுக்கு ஒழுங்கை முனையில் அந்த ங்ங்ங் கேட்டால், நான் குசினியில் நின்றே தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்துவிடுவேன்.

மழை: ஈர ரயரில் உருளை வழுக்குகிறது. லைற் கண் சிமிட்டும். அப்பாவின் வைத்தியம், பழைய ரியூபில் ஒரு விரல் அகலத்துக்கு வளையம் வெட்டி உருளைக்கு மேல் இறுக்கி மாட்டுவது. செலவில்லை, வழுக்கலும் முக்கால்வாசி குறைந்தது. செட்டோடு ஒரு ரப்பர் தொப்பி தந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரயரையும் பாருங்கள். பக்கவாட்டு மழமழப்பாக இருந்தால் சரி. இப்போது பையன்கள் ஓடுகிற, கட்டி கட்டியாகப் பல் வைத்த ரயர் என்றால் இதை வாங்கவே வேண்டாம்.

வயர்: படுமோசம். தலைமயிர் மாதிரி இருக்கிறது. மூன்றாம் கிழமை ஹாண்டில் திரும்புகிற இடத்தில் அறுந்தது. டவுனில் நல்ல வயர் இரண்டு மீற்றர் வாங்கி மாற்றினேன். நாலாம் கிழமை பின் லைற் நின்றுவிட்டது. விற்றவர்களுக்கு மூன்று தரம் எழுதிவிட்டேன். "விரைவில் தொடர்புகொள்வோம்" என்று ஒரே பதில் மூன்று தரமும் வந்தது.

போன் சார்ஜ் பண்ணலாம் என்று விளம்பரத்தில் இருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு பெட்டி வாங்க வேண்டும். ஆசைக்கு வாங்கினேன். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி நானே அரை மணி நேரம் மிதித்தேன், வியர்த்து ஒழுகியது. போனில் ஆறு வீதம் ஏறியது. மகள் அதை ஒரே வீடியோவில் முடித்தாள். 2022இல் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நின்ற நாட்களில் இது கையில் இருந்திருந்தால் ஒருவேளை உதவியிருக்கும். அந்த நாட்களில்தான், பெற்றோல் வரிசையில் நின்று சலித்து, இந்தச் சைக்கிளையே வாங்கினோம். அப்போது ஊரே மின்சாரத்தைத் திட்டிக்கொண்டிருக்க, அப்பா மட்டும் ஒரு ஜாம் போத்தலைக் கழுவி, பஞ்சு தேடி, பத்து நிமிடத்தில் விளக்குக் கொளுத்திக்கொண்டுவந்து மேசையில் வைத்தார். பதினொரு வயது மகள் அதைப் படம் எடுத்துச் சிநேகிதிகளுக்கு அனுப்பினாள். மிச்சமிருந்த சார்ஜும் அதோடு போனது.

அந்தச் சார்ஜ் பெட்டியை இப்போது அப்பா எடுத்துக்கொண்டுவிட்டார். யூஎஸ்பியில் ஓடுகிற சின்ன றேடியோ ஒன்று அவரிடம் இருக்கிறது. போன ஞாயிறு சைக்கிளை ஸ்ராண்டில் தூக்கி நிறுத்தச் சொன்னார். மகளை ஏற்றினார். பாட்டு வந்தது. அவள் வேகத்தைக் குறைத்தும் கூட்டியும் பார்த்தாள். பாட்டு இழுபடவில்லை. மெதுவாக்கினால் சட்டென்று நிற்கிறது, மிதித்தால் சட்டென்று வருகிறது, அவ்வளவுதான். மாடு கத்தும் என்று அம்மா சொன்னது பொய் என்று அவளுக்கு ஏமாற்றம். தமிழோசை வானொலி 2017 ஏப்ரலோடு நின்றுவிட்டது என்பது அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒன்பதே காலுக்கு ஒருக்கா முள்ளைத் திருப்பிப் பார்த்தார். மகள் களைத்துப்போய், "எவ்வளவு நேரம் அம்மப்பா?" என்றாள். அவர் ஒரு விரலைத் தூக்கினார்.

நட்சத்திரம் எத்தனை என்பதில் வீட்டில் ஒற்றுமை இல்லை. நான் நாலு போடலாம் என்றிருந்தேன். மகள் சத்தத்துக்காக இரண்டு என்கிறாள். அப்பா அறுந்த வயரைக் கையில் எடுத்து, இரண்டு விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, மில்லருக்குத்தான் நாலு, இதுக்கு மூன்று காணும் என்றார். மூன்று போட்டிருக்கிறேன்.